வெனிஸ், கா ரெட்சோனிகோ மாளிகையின் நடனக்கூடம்: சுவரில் தீட்டிய தூண்களைப் பற்றி

மாடக்குளத்தான் எழுதியது:

வெனிஸ் நகரத்துப் பெருங்கால்வாயின் கரையில் நிற்கும் கா ரெட்சோனிகோ மாளிகையின் நடனக்கூடத்தைப் பற்றி, கட்டடக் கலையும் ஓவியமும் அறிந்தவர்கள் இங்கே விரிவாக எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன். மாளிகை இப்போது பதினெட்டாம் நூற்றாண்டு வெனிசுக்கான அருங்காட்சியகமாக இயங்குகிறது. சென்ற கோடையில் அங்கே போயிருந்தேன்.

அகன்ற படிக்கட்டில் ஏறிக் கூடத்துக்குள் கால் வைத்ததும், இரண்டு மாடி உயரத்துக்குத் தூண்களும் கொடுங்கைகளும் மாடங்களும் சூழ்ந்த ஒரு பெருவெளியில் நிற்பதாகவே தோன்றியது. சுவரை நெருங்கிய பிறகுதான் அவை அத்தனையும் வண்ணம் என்று தெரிந்தது. சுவர் சமதளமாக இருக்கிறது. தூணுக்குப் புடைப்பும் இல்லை, மாடத்துக்கு ஆழமும் இல்லை. மேலே விதானத்தில் சூரியக் கடவுளான அப்போலோ தன் தேரை ஓட்டுகிறான். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்ற உலகின் நான்கு பகுதிகளும் மனித உருவில் அவனைச் சூழ்ந்திருக்கின்றன.

உடன் வந்த நண்பர், "இவ்வளவு பணம் இருந்தும் சலவைக்கல்லுக்குப் பதில் சாயம் பூசியிருக்கிறார்கள், இது பகட்டு, அதுவும் போலிப் பகட்டு" என்றார். அந்தக் கருத்தை என்னால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. உண்மையான தூண்களை நிறுத்த முடிந்தவர்கள் ஏன் தூண்களை வரையச் சொன்னார்கள்? நாம் கூடத்தில் நடந்து இடம் மாறும்போதும் அந்தக் காட்சி குலையாமல் நிற்பது எப்படி?

சுண்ணச்சாந்து எழுதியது:

பழங்கட்டடச் சீரமைப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஓவியத்துக்கு முன்னால் கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது.

மாளிகையைத் தொடங்கியவர்கள் ரெட்சோனிகோ குடும்பத்தினர் அல்லர். போன் என்னும் பழைய பிரபுக் குடும்பம் 1649ஆம் ஆண்டில் பால்தசாரே லோங்கேனாவிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. பெருங்கால்வாயின் முகப்பில் நிற்கும் சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்தைக் கட்டியவரும் அவரே. 1682இல் அவர் இறந்தபோது மாளிகை அரைகுறையாக நின்றது. குடும்பத்தின் கையில் பணம் இல்லாமல் போகவே, மேல்தளம் எழும்பாமல் பல்லாண்டுகள் அப்படியே கிடந்தது. 1751இல் ஜம்பத்திஸ்தா ரெட்சோனிகோ அதை விலைக்கு வாங்கி, ஜோர்ஜோ மஸ்ஸாரி என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார். 1756க்குள் வேலை முடிந்தது. நூறாண்டுகளாக முடியாமல் கிடந்த மாளிகையை ஐந்தே ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாயைப் பார்த்த முகப்பில் மஸ்ஸாரி லோங்கேனாவின் திட்டத்தைப் பெரும்பாலும் மதித்தே நடந்தார். அவர் தம் கைத்திறனைக் காட்டியது மாளிகையின் பின்பகுதியில். அங்கே சடங்குச் சிறப்புள்ள பெரிய படிக்கட்டு ஒன்றை அமைத்து, அது சென்று சேரும் இடத்தில், மேலே வரவேண்டிய தளத்தை நீக்கிவிட்டு, இரட்டை உயரம் கொண்ட ஒரே கூடத்தை உருவாக்கினார். வெனிஸ் மாளிகைகளின் வழக்கமான அமைப்பில், முகப்பிலிருந்து பின்புறம் வரை ஓடும் நீண்ட நடுக்கூடம்தான் வீட்டின் முதன்மையான இடம். விருந்தினர் வந்து கூடுவதும் அங்கேதான். இப்படித் தனியே ஓர் உயர்ந்த கூடத்தைப் படிக்கட்டோடு இணைத்து வைப்பது நகரத்தில் அரிதான செயல்.

இனிச் சலவைக்கல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வெனிசில் கட்டடங்கள் சதுப்பு மண்ணில் அடித்து இறக்கிய மரக்கழிகளின் மேல் நிற்கின்றன. நிலம் சமமாக அமிழ்வதில்லை. ஆகையால் அந்த ஊர்க் கொத்தனார்கள் எடையைக் குறைப்பதையும், கட்டடம் சற்று நெளிந்து கொடுப்பதையும் தொழிலின் முதல் பாடமாகக் கொண்டிருந்தார்கள். தளங்களுக்கு மர உத்தரங்கள். தரைக்குச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கல் சில்லுகளும் கலந்து இடித்துப் பதித்த மெருகுத்தளம். விதானங்களுக்குக் கனத்த செங்கல் வளைவுகள் இல்லை. மரச் சட்டத்தில் நாணல் தட்டிகளை ஆணியடித்து அதன்மேல் சாந்து பூசிய இலகுவான வளைவுகளே உண்டு. நடனக்கூடம் இருப்பதோ தரைத்தளத்தில் அல்ல, அதற்கு மேலுள்ள பிரபுத்தளத்தில். அங்கே இரண்டு மாடி உயரத்துக்குச் சலவைக்கல் தூண்களை வரிசையாக நிறுத்துவது என்பது பணம் மட்டுமே சார்ந்த முடிவாக இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

பழம்பதிவு எழுதியது:

கட்டடத்தின் கதையோடு குடும்பத்தின் கதையையும் சேர்க்க வேண்டும். அதில்லாமல் அந்தக் கூடத்தின் நடுச்சுவரில் அவ்வளவு பெரிதாகத் தீட்டியிருக்கும் குலச்சின்னத்துக்குப் பொருள் விளங்காது.

ரெட்சோனிகோ குடும்பத்தினர் வட இத்தாலியின் லொம்பார்டியில் கோமோ ஏரிப் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள். வெனிஸ் குடியரசு துருக்கியரோடு நடத்திய நீண்ட போர்களால் கருவூலம் வறண்டபோது, பிரபுக்களின் பெயர்கள் மட்டுமே இடம்பெறும் பொற்பதிவேட்டை, பெருந்தொகை செலுத்தக்கூடிய புதுக் குடும்பங்களுக்கும் திறந்துவிட்டது. 1687இல், மொரேயாப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1,00,000 டக்கட் என்னும் வெனிஸ் நாணயம் செலுத்தி ரெட்சோனிகோ குடும்பம் அந்தப் பதிவேட்டில் ஏறியது. இந்த மாளிகையை அவர்கள் வாங்கியது அதற்கு 64 ஆண்டுகள் கழித்து. நூற்றாண்டுக் கணக்கில் ஆட்சியில் இருந்த குடும்பங்களின் பார்வையில் அவர்கள் நேற்று வந்தவர்கள். பணமிழந்த ஒரு பழங்குடும்பத்தின் முடிக்கப்படாத மாளிகையைப் புதுக்குடும்பம் வாங்கி முடிக்கிறது என்பதே ஊருக்கெல்லாம் ஓர் அறிவிப்பாக இருந்திருக்கும்.

அடுத்து நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். 1758 தொடக்கத்தில் இந்த வீட்டு இளைஞர் லுதோவிகோ, சவொர்ஞ்ஞான் என்னும் பெருங்குடும்பத்தின் பெண்ணான ஃபவுஸ்தினாவை மணந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜம்பத்திஸ்தாவின் மகன் கார்லோ ரெட்சோனிகோ பதின்மூன்றாம் கிளமெண்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். ஆக, திருத்தந்தை வந்த பிறகு கட்டிய கூடம் அன்று இது. திருத்தந்தை வருவதற்கு முன்பே, வரக்கூடிய உயரத்தை எதிர்பார்த்துத் தயாராக நின்ற கூடம்.

திருமணத்துக்காக அருகில் உள்ள அறை ஒன்றின் விதானத்தில் வெனிஸ் ஓவியர் தியேப்பொலோ வரைந்த ஓவியத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெண்குதிரைகள் பூட்டிய அப்போலோவின் தேரில் மணமக்களே ஏறி வருகிறார்கள். நடனக்கூடத்தில் உலகுக்கெல்லாம் ஒளி தரும் தேர், சில அறைகள் தள்ளி, வீட்டுப் பிள்ளையின் கல்யாண ஊர்வலத் தேராகிவிடுகிறது. அடக்கம் என்பது இந்தக் குடும்பத்தின் குணங்களில் ஒன்றாக இருந்ததாகத் தெரியவில்லை!

நிலவறை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நண்பர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனையில் 1678 முதல் 1684 வரை கட்டிய கண்ணாடிக்கூடத்தில் 357 கண்ணாடிகளும் உண்மைச் சலவைக்கல் சுவர்களும் இருக்கின்றன. உண்மையான அதிகாரம் இருந்த இடத்தில் உண்மையான கல் வந்தது. பதவியைப் பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் தூணும் வண்ணத்தில் வந்தது. மண் இளகியது, எடை கூடாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அதே இளகிய மண்ணில்தான் லோங்கேனா கல் முகப்பையும் மாபெரும் கல் தேவாலயத்தையும் எழுப்பினார். வெளியே கல், உள்ளே சாயம் என்றால் அது செலவுக் கணக்கு அல்லாமல் வேறென்ன?

கயல்விழி_ஓவியம் எழுதியது:

நிலவறை அவர்களே, உண்மைக் கல், போலிக் கல் என்ற பிரிவினையை அந்தக் காலத்து அரண்மனைகளே ஏற்கவில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இளவரச ஆயருக்காகப் பால்தசார் நொய்மன் கட்டிய அரண்மனையின் பேரரசர் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவரை ஒட்டி நிற்கும் சிவந்த தூண்கள் கல்லே அல்ல. ஜிப்சம், பசை, நிறப்பொடி ஆகியவற்றை மாவாகப் பிசைந்து, மடித்து, நரம்பு ஓடும்படி வெட்டிப் பதித்து, பலமுறை தேய்த்து மெருகேற்றிய செயற்கைச் சலவைக்கல் அது. அந்த வேலை மலிவானது என்று யாரும் சொல்ல முடியாது. கல்லில் கிடைக்காத நிறத்தையும் ஒருமைப்பாட்டையும் கைத்திறனால் பெறலாம் என்பதற்காகவே அதைச் செய்தார்கள். இயற்கை கொடுத்ததை வாங்கி நிறுத்துவதைவிட, இல்லாததை இருப்பதாகக் காட்டும் திறமைக்கு அந்த நூற்றாண்டு அதிக மதிப்பு கொடுத்தது.

இப்போது மாடக்குளத்தான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் தொழிலுக்கு நெருக்கமானது அதுதான்.

இந்த வகை வேலையில் இரண்டு கைகள் உண்டு. உருவங்களை வரைபவர் ஒருவர். கட்டட வடிவங்களை வரைபவர் இன்னொருவர். இந்தக் கூடத்தில் விதானத்து அப்போலோவை வரைந்தவர் ஜொவான்னி பத்திஸ்தா குரோசாத்தோ. சுவர்களின் தூண்களையும் கொடுங்கைகளையும் வரைந்தவர் லொம்பார்டியைச் சேர்ந்த பியெத்ரோ விஸ்கோந்தி. பார்வையாளர்கள் முதலாமவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த அறையை அறையாக்கியவர் இரண்டாமவர். உருவக்காரர் வந்து தேவர்களை மிதக்கவிடுவதற்கு முன்னால், அவர்கள் மிதப்பதற்கான வானத்தின் விளிம்பை யாரோ ஒருவர் கோல் வைத்து அளந்து முடித்திருக்க வேண்டும் அல்லவா?

அளக்கும் முறையை அந்திரேயா பொட்சோ என்ற இயேசு சபைத் துறவி 1690களில் தெளிவாக எழுதி வைத்தார். ரோமில் சான்த் இஞ்ஞாசியோ தேவாலயத்தின் விதானத்தைத் திறந்த வானமாக மாற்றியவர் அவர். வளைந்த விதானத்துக்குக் கீழே கிடைமட்டமாக நூல்களைக் கட்டிக் கட்டங்கள் அமைப்பார்கள். பார்ப்பவரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கை வைத்தால், அந்த நூல்களின் நிழல் விதானத்தின் வளைவில் நெளிந்து விழும். நெளிந்த அந்தக் கட்டங்களுக்குள் சிறிய வரைபடத்தின் கோடுகளை மாற்றி எழுதினால், கீழே குறித்த இடத்தில் நிற்பவருக்கு நெளிவெல்லாம் நேராகிவிடும். அந்தத் தேவாலயத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் ஒரு வட்டக்கல் காட்டுகிறது. அங்கிருந்து நாலடி விலகினாலே தூண்கள் சாயத் தொடங்கும்.

தேவாலயத்தில் மக்களை ஓரிடத்தில் நிற்கச் சொல்லலாம். நடனக்கூடத்தில் அது நடக்காது. விஸ்கோந்தியின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய தூண்கள் பார்ப்பவரை நோக்கி நேர்முகமாக, அதிக ஆழமின்றி, சுவரை ஒட்டியே நிற்கின்றன. ஆழம் குறையக் குறையப் பார்வைக் கோணம் மாறுவதால் வரும் பிழையும் குறையும். மிகக் கடினமான ஆழத்தையெல்லாம் எட்டாத உயரத்துக்கு, விதானத்தின் விளிம்புக்கு அனுப்பிவிட்டார். அங்கே நம் கண்ணுக்குத் தூரமும் துணை செய்கிறது. நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் அரண்மனைத் திரையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: முதல் வரிசையில் இருப்பவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தர்பார் தர்பாராகவே தெரிய வேண்டும் என்றால், ஓவியர் ஒரே கண்ணுக்காக வரைய முடியாது. குரோசாத்தோ இத்தாலியின் தூரின் நகரில் நாடக அரங்குகளுக்குக் காட்சித்திரை அமைத்தவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கலைஞர்களுக்கு அரங்கும் மாளிகையும் வெவ்வேறு உலகங்களாக இருக்கவில்லை.

தாளக்கட்டு எழுதியது:

ஆடுபவர்களின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். கூடத்தைப் பற்றிய பேச்சில் அதன் பயன்பாடு மறந்துபோகக் கூடாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் முறைசார்ந்த நடன விருந்தின் தலையாய ஆட்டம் மினுவே. இன்றைய கற்பனையில் நடனக்கூடம் என்றால் நூறு இணைகள் ஒரே நேரத்தில் சுழல்வதாகத் தோன்றும். அது பின்னால் வந்த வால்ட்ஸ் காலத்துக் காட்சி. மினுவேயை முறைப்படி ஆடும்போது தரவரிசைப்படி ஓர் இணை மட்டுமே தளத்துக்கு வரும். அவையின் தலைமையில் இருப்பவருக்கு வணக்கம் செய்து தொடங்கும், வணக்கம் செய்து முடிக்கும். மற்ற அனைவரும் சுவரோரம் அமர்ந்தும் நின்றும் அந்த இருவரின் ஒவ்வோர் அடியையும் எடைபோடுவார்கள். பல இணைகள் சேர்ந்து ஆடும் ஆட்டங்களும் இருந்தன, ஆனால் மதிப்பைத் தீர்மானித்தது அந்தத் தனி இணையின் ஆட்டம்தான். ஆகவே நடனக்கூடம் என்பது ஆடும் இடமாக இருந்ததைவிடப் பார்க்கப்படும் இடமாகவே அதிகம் இருந்தது. ஏணிப்படியில் புதிதாக ஏறிய ஒரு குடும்பத்துக்கு இப்படிப்பட்ட ஓர் இடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதைப் பழம்பதிவு அவர்களின் பதிவோடு சேர்த்துப் படியுங்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் காரணம் கிடைக்கிறது. உண்மையான தூண்களைச் சுவரோரம் நிறுத்தினால், அவற்றின் பீடங்கள் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பெண்களின் பாவாடைகள் இருபுறமும் பிரம்பும் திமிங்கில எலும்பும் வைத்து அகலமாக விரித்துத் தைக்கப்பட்ட காலம் அது. அப்படி உடுத்திய பெண்கள் வரிசையாக உட்காரவும், கதவு வழியாகச் செல்லவும், பின்வாங்கி வணங்கவும் வேண்டிய இடத்தில் கல் பீடங்கள் எவ்வளவு இடைஞ்சல்! தீட்டிய தூண் ஒரு விரற்கடை இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. அரண்மனையின் கம்பீரமும் கிடைக்கிறது, தளமும் முழுதாக மிஞ்சுகிறது.

வெளிச்சத்தையும் பேச வேண்டும். நாம் அந்தக் கூடத்தைப் பகல் வெளிச்சத்திலும் மின்விளக்கிலும் பார்க்கிறோம். அது எழுதப்பட்டதோ மெழுகுத்திரிகளுக்காக. பொன் பூசிய மரத்தாலும் உலோகத்தாலும் ஆன இரண்டு பெரிய சரவிளக்குகள் இன்றும் அங்கே தொங்குகின்றன. கொழுப்புத் திரி புகையும் நாற்றமும் தரும் என்பதால் இத்தகைய இடங்களில் தேன்மெழுகுத் திரிகளையே ஏற்றுவார்கள். அவற்றின் விலையோ மிக அதிகம். ஒரு விருந்துக்கு எத்தனை திரிகள் எரிந்தன என்பதே விருந்தளிப்பவரின் தகுதிக்கு அளவுகோலாகப் பேசப்பட்டது. அசையும் சுடரொளியில் சமதளச் சுவரின் நிழல்கள் உயிர்பெறுகின்றன. ஓவியர் தீட்டிய நிழலும் சுடர் எழுப்பும் நிழலும் ஒன்றோடொன்று கலக்கும்போது, எது வண்ணம் எது புடைப்பு என்று பிரித்தறியும் வேலையைக் கண் விட்டுவிடுகிறது. பகலில் சுவரை நெருங்கிப் பார்த்து "சாயம்" என்று கண்டுபிடிப்பது, நாடகம் முடிந்த மறுநாள் காலையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பதைப் போன்றது.

நிலவறை எழுதியது:

தாளக்கட்டு அவர்களின் பதிவு என் வாதத்தின் பெரும்பகுதியைத் தளர்த்திவிட்டது என்பதை மறுக்கவில்லை. பீடங்கள் பற்றிய கருத்து வலுவானது. ஆயினும் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இந்த இழையில் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும்.

அந்த அருங்காட்சியகத்தில் அந்திரேயா புருஸ்தொலோன் செதுக்கிய கருங்காலி உருவங்கள் நிற்கின்றன. கருநிற ஆப்பிரிக்க வீரர்களாகவும், கழுத்தில் சங்கிலி பூண்ட அடிமைகளாகவும், பூச்சாடிகளைச் சுமக்கும் தாங்கிகளாகவும் அவர்களைச் செதுக்கியிருக்கிறார். செதுக்கல் வேலையின் நுட்பம் வியக்க வைக்கிறது என்பதால் அந்தச் சங்கிலிகளை அணிகலன் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் விதானத்திலும் அதே ஒழுங்குதான்: உலகின் நான்கு பகுதிகள் ஐரோப்பியச் சூரியனைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. கீழே சுமப்பவர்கள், மேலே சூழ்பவர்கள். இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு தளங்கள் என்று எனக்குப் படுகிறது.

பழம்பதிவு எழுதியது:

இந்தக் கருத்து எழ வேண்டியதுதான். ஆனால் வரலாற்றில் இரண்டு விவரங்களைப் பிரித்து வைக்க வேண்டும்.

முதலாவது, புருஸ்தொலோனின் அந்த அறைக்கலன்கள் ரெட்சோனிகோ குடும்பத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெல்லூனோவைச் சேர்ந்த அந்தச் சிற்பி (1662–1732) அவற்றை வெனியெர் என்னும் வேறொரு பிரபுக் குடும்பத்துக்காகச் செய்தார். இந்த மாளிகை அருங்காட்சியகமான பிறகே அவை இங்கே வந்து சேர்ந்தன. ஆகவே இன்று நாம் காணும் கூட்டமைவை ஒரு குடும்பத்தின் ஒரே எண்ணமாகப் படிப்பது பொருந்தாது. வெனிஸ் பிரபுக்களின் பொதுவான எண்ணமாகப் படிப்பதற்கு எனக்கு மறுப்பில்லை. ஒருவகையில் அது இன்னும் கடுமையான குற்றச்சாட்டு. கிழக்கு மத்தியதரைக் கடலில் நூற்றாண்டுகளாக அடிமை வாணிகத்தில் பங்கு கொண்ட துறைமுகம் வெனிஸ் என்பதையும், அதன் போர்க் கப்பல்களில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனிதர்கள் துடுப்பு வலித்தார்கள் என்பதையும் அந்தச் சிற்பங்களின் முன்னால் நின்று நினைக்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது, நான்கு பகுதிகள் என்பது குரோசாத்தோவின் கற்பனை அன்று. சேசரே ரீப்பா என்பவர் 1593இல் வெளியிட்ட உருவக் கையேட்டின் வழியே ஓவியர்களிடையே நிலைபெற்ற வாய்ப்பாடு அது. அதன்படி ஐரோப்பாவுக்கு மகுடமும் கோயிலும் குதிரையும். ஆசியாவுக்கு மலர் மாலையும் தூபக்கலமும் ஒட்டகமும். ஆப்பிரிக்காவுக்கு யானைத்தலை முடியும் சிங்கமும் தேளும். அமெரிக்காவுக்கு இறகு முடியும் வில்லும். 1753இல் தியேப்பொலோ வூர்ட்ஸ்பர்க் படிக்கட்டின் மேல் முடித்த மாபெரும் விதானமும் இதே பொருளைக் கொண்டது. வாய்ப்பாடு என்பதால் அதில் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லா மாளிகைகளிலும் ஒரே வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வந்தது என்பதாலேயே, அங்கே ஆடிய யாருக்கும் தலைக்கு மேலே உள்ள அந்த ஒழுங்கு ஒரு கருத்தாகத் தோன்றியிருக்காது, வானிலையைப் போல இயல்பாகவே தோன்றியிருக்கும்.

நிலவறை எழுதியது:

வெனியெர் குடும்பத்தைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அருங்காட்சியகம் அந்தச் சிற்பங்களை எங்கே வைக்கிறது, எந்தக் குறிப்போடு வைக்கிறது என்பது இன்றைய முடிவு என்பதால், என் கேள்வி பிரபுக்களிடமிருந்து காப்பாட்சியர்களிடம் நகர்கிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

மாடக்குளத்தான் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட மிக விரிவான விடைகள் கிடைத்திருக்கின்றன, எல்லோருக்கும் நன்றி. பழம்பதிவு ஐயாவின் பதிவைப் படித்த பிறகு இன்னொரு கேள்வி எழுகிறது. அறைக்கலன்கள் வேறிடத்திலிருந்து வந்தவை என்றால், இன்று அந்தக் கூடத்தில் ரெட்சோனிகோ காலத்தைச் சேர்ந்தவை எவை? அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேறு கூடங்கள் உண்டா?

சுண்ணச்சாந்து எழுதியது:

சுவரும் விதானமும் அந்த இரண்டு சரவிளக்குகளும் அக்காலத்தவை. மற்றவை பெரும்பாலும் போய்விட்டன. 1797இல் நெப்போலியனின் படை வந்து குடியரசு முடிந்தது. 1810இல் ரெட்சோனிகோ ஆண் வழியே அற்றுப்போனது. அடுத்தடுத்த வாரிசுகளின் கையில் வீட்டுப் பொருள்கள் சிதறின. 1888இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரவுனிங்கின் மகன் மாளிகையை வாங்கினார். மறு ஆண்டு டிசம்பரில் கவிஞர் இறந்ததும் இங்கேதான். பின்னர் வேறு கைகளுக்கு மாறி, 1935இல் நகராட்சி வாங்கியது. 1936இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தூக்கிச் செல்லக்கூடியவை எல்லாம் போன பிறகும் சுவரில் எழுதியது மட்டும் நின்றது என்பது சீரமைப்புக்காரனான எனக்கு வியப்பாக இல்லை. ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய நிறம், சாந்து இறுகும்போது அதனுள்ளேயே கட்டுண்டுவிடுகிறது. அதைப் பெயர்த்து விற்பது எளிதன்று. ஆனால் வெனிசின் உப்புக் காற்றும் ஈரமும் அதற்குப் பகை. உப்பு சாந்துக்குள் ஏறிப் படிகமாகும்போது மேற்பரப்பு பொடிந்து உதிரும். கட்டடங்களின் வெளிச்சுவரில் எழுதிய பழைய ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்ததற்கு அதுவே காரணம். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு தளம் மேலே இருந்ததும், கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டதும் இந்தக் கூடத்துக்குக் கிடைத்த நற்பேறு.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, அதே நகரில் உள்ள லாபியா மாளிகை. அவர்களும் பணம் செலுத்திப் பொற்பதிவேட்டில் ஏறிய குடும்பமே, ரெட்சோனிகோவுக்கு நாற்பது ஆண்டு முன்னதாக. அங்கே 1746–47ஐ ஒட்டிய காலத்தில் தியேப்பொலோ கிளியோபாத்ராவின் கதையை எழுதினார். கட்டட வடிவங்களை எழுதியவர் ஜெரோலமோ மெங்கோட்சி கொலோன்னா. அந்தக் கூடத்தில் உண்மைக் கதவுகளின் கல் சட்டங்களோடு தீட்டிய வளைவுகள் அப்படியே இணைகின்றன. விருந்துக் காட்சியில் தீட்டிய படிகள் கூடத்தின் தரையை நோக்கி இறங்குகின்றன. ஒரு குள்ளர் நமக்கு முதுகைக் காட்டியபடி அவற்றில் ஏறுகிறார். நாம் நிற்கும் தரையிலிருந்தே அவர் ஏறிப் போனதாகத் தோன்றும். கா ரெட்சோனிகோவில் ஓவியம் அறையைச் சூழ்கிறது. லாபியாவில் ஓவியம் அறைக்குள் இறங்கி வருகிறது. என்னைக் கேட்டால் லாபியாவே உயர்ந்த வேலை என்பேன். கயல்விழி அவர்கள் சண்டைக்கு வரலாம். அந்த மாளிகை இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் அலுவலகமாகப் பயன்பட்டு வருவதால், பார்வையாளர் அனுமதி எப்போதும் கிடைப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிரெந்தா ஆற்றங்கரையில் ஸ்த்ரா என்ற ஊரில் உள்ள பிசானி குடும்பத்தின் மாளிகை. அதன் நடனக்கூடத்து விதானம் தியேப்பொலோ 1762இல் ஸ்பெயினுக்குப் புறப்படுவதற்கு முன் வெனிஸ் நாட்டில் முடித்த கடைசிப் பெருவேலை. அங்கே சுவரில் கட்டட வடிவங்களை எழுதியவர் நம் பியெத்ரோ விஸ்கோந்தியே. ஒரே கையின் இரண்டு வேலைகளைச் சில மணி நேரப் பயணத்தில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஸ்த்ராவில் இசைக்கலைஞர்களுக்காக உண்மையான மாடம் ஒன்றும் சுவரைச் சுற்றி ஓடுகிறது. ஆகையால் எங்கே மரம் முடிந்து எங்கே வண்ணம் தொடங்குகிறது என்று தேடுவது அங்கே கூடுதல் இன்பம்.

போகிறவர்கள் கா ரெட்சோனிகோவில் கூடத்தின் நடுவுக்கு உடனே ஓடாமல், படிக்கட்டின் வாயிலில் சற்று நின்று, எதிரே உள்ள குலச்சின்னத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். மஸ்ஸாரி விருந்தினரை அழைத்து வந்த வழி அதுதான். பிறகு சுவரோரமாகவே ஒரு சுற்று நடந்து, தீட்டிய தூண்களின் விளிம்புகள் எந்த மூலையில் பிடி தளர்கின்றன என்று கவனியுங்கள். வாயிலுக்கு வெகு அருகில் உள்ள மூலைகளைப் பாருங்கள். விருந்தினர் அதிகம் நிற்காத இடம் என்பதால் விஸ்கோந்தி அங்கே அவ்வளவு கவலைப்படவில்லை என்பது என் ஊகம்.

கயல்விழி_ஓவியம் எழுதியது:

லாபியா உயர்ந்தது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே நடனமாடுவது கடினம். சுவரெல்லாம் கிளியோபாத்ரா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடுபவரை யார் பார்ப்பார்கள்? விஸ்கோந்தியின் சுவர் பின்னணியாக ஒதுங்கி நிற்க அறிந்தது. மூலைகளைப் பற்றிச் சுண்ணச்சாந்து சொன்ன ஊகத்தை அடுத்து அங்கே போகிறவர்கள் சரிபார்த்து, முடிந்தால் படங்களோடு இங்கே பதியுங்கள். வாயிலின் இடப்புற மூலையையும் வலப்புற மூலையையும் ஒரே உயரத்திலிருந்து எடுத்த படங்களாக இருந்தால் ஒப்பிட எளிதாக இருக்கும்.